பெனரில் கலர் பிழைக்கிறதா? புரொபைலில் கை வைக்க முன் பார்க்க வேண்டியவை

கலர் சரியில்லை என்று ஒருவர் பெனரைத் திருப்பிக்கொண்டு வந்தால், வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் செய்கிற முதல் வேலை டிசைன் செய்கிற கொரல்ட்ரோவைத் திறந்து மஜெண்டாவைப் பத்துக் குறைத்து மறுபடி அடிப்பது. சில நேரம் அது சரியும் வந்துவிடும், ஆபத்தே அங்கேதான். அடுத்த கிழமை வேறு ரோல் ஏற்றினதும் அதே ஃபைல் பச்சையடிக்கும், பிறகு குறைத்த பத்தைத் திருப்பிக் கூட்டுவதா, சயனைக் குறைப்பதா என்று யாருக்கும் தெரியாது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரைக்கும் எந்தப் பெனர்க் கடைக் கணினியைத் திறந்தாலும் ஒரே லோகோவுக்கு 'ஃபைனல்', 'ஃபைனல் சிவப்பு குறைச்சது', 'ஃபைனல் புது ரோல்' என்று ஃபைல்கள் வரிசையாகக் கிடக்கும். பிழை மெஷினில் இருக்கும்போது ஃபைலைத் திருத்தினால் இப்படித்தான் போகும்.

அதனால் இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது ஒன்றுதான்: பிழை எந்த அடுக்கில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள், அந்த அடுக்கை மட்டும் தொடுங்கள்.

என்னென்ன அடுக்கு? மெஷினோடு வருகிற புரொபைலை எல்லோரும் 'ஐசிசி' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் ஃபைலை மைத் துளிகளாக மாற்றி மெஷினுக்கு அனுப்புகிற ரிப் மென்பொருளில் மீடியா புரொபைல் என்று கிடப்பதற்குள் மூன்று விஷயம் இருக்கிறது. அடியில் மெஷின் அமைப்பு: எத்தனை பாஸ் (ஒரே இடத்தின் மேல் மைத் தலை எத்தனை தடவை போகிறது), என்ன ரெசல்யூஷன், ஹீட்டர் எத்தனை பாகை, ரோல் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நகர்கிறது. அதற்கு மேலே மை அளவு: ஒவ்வொரு நிறமும் அதிகபட்சம் எவ்வளவு விழலாம், இடைப்பட்ட சதவீதங்கள் சீராக ஏறுகின்றனவா என்பது, இதைத்தான் லீனியரைசேஷன் என்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலே ஐசிசி. இவ்வளவு மை போட்டால் கண்ணுக்கு இந்த நிறம் தெரியும் என்று லேப் (கண் பார்க்கிறபடி நிறத்தை அளக்கிற முறை) எண்களில் எழுதி வைத்த ஒரு அட்டவணைதான் அது. 1993 இல் அடோபி, அப்பிள், கொடாக், மைக்ரோசொஃப்ட் மாதிரிக் கம்பனிகள் சேர்ந்து தொடங்கிய இன்டர்நேஷனல் கலர் கொன்சோர்ட்டியத்தின் பெயரைத்தான் சுருக்கி ஐசிசி என்கிறோம்.

இந்த அட்டவணை தையல்காரர் எழுதி வைத்த அளவு மாதிரி. அளவெடுத்த பிறகு ஆள் மெலிந்துவிட்டால் சட்டை தொளதொளக்கும், தைத்தவரைக் குறை சொல்லி வேலையில்லை. புரொபைல் என்பது ஒரு குறிப்பிட்ட மெஷின், ஒரு குறிப்பிட்ட மை, ஒரு குறிப்பிட்ட ரோல், ஒரு குறிப்பிட்ட பாஸ், ஒரு குறிப்பிட்ட சூடு இவை எல்லாம் சேர்ந்த அன்றைய நிலைமையின் பதிவு. இதில் ஒன்று மாறினாலும் பதிவு பொய்யாகிவிடும். நம்ம ஊரில் இதில் ஒன்று மாறாத மாதமே இல்லை. 2022 டொலர் நெருக்கடியோடு கொழும்பில் எந்தப் பிளெக்ஸ் கிடைக்கிறதோ அதை வாங்கிப் பழகிவிட்டோம், மையும் அப்படித்தான். புரொபைலின் பெயர் மட்டும் இன்னும் 'பெனர் 4 பாஸ்' என்றே இருக்கிறது.

முதலில் ஒரு சோதனை ஃபைல்

மெஷின் நன்றாக ஓடுகிற ஒரு நாளில் ஏ3 அளவில் ஒரு ஃபைல் செய்து வையுங்கள். அதில் சயன், மஜெண்டா, மஞ்சள், கறுப்பு நாலுக்கும் பத்துப் பத்தாக 10 இலிருந்து 100 வரை படிகள். பக்கத்தில் இரண்டிரண்டு நிறம் சேர்ந்த சிவப்பு, பச்சை, நீலக் கட்டங்கள். கறுப்பு மையில் மட்டும் 50 சதவீதச் சாம்பல் ஒன்று, அதை ஒட்டியே சயன் 50, மஜெண்டா 40, மஞ்சள் 40 சேர்த்த சாம்பல் ஒன்று. கடைசியாக நம்ம ஆட்களின் முகம் உள்ள ஒரு நல்ல படம். இணையத்தில் கிடைக்கிற வெள்ளைக்காரப் பெண் சிரிக்கிற படம் வேண்டாம், நாங்கள் அடிப்பது அந்த முகங்களை இல்லையே. ஒரு மாநிறம், ஒரு நல்ல கறுப்பு, இரண்டும் இருந்தால் திறம்.

இதை இரண்டு தடவை அடியுங்கள்: ரிப்பில் கலர் மனேஜ்மென்ட் ஓன் ஆக இருக்கும்போது ஒன்று, ஓஃப் ஆக இருக்கும்போது ஒன்று. இரண்டிலும் பின்பக்கம் திகதி, ரோல், மை, பாஸ், ஹீட்டர் எழுதி, வெயில் படாமல் ஒரு ஃபைல் கவருக்குள் வையுங்கள். சுவரில் தொங்கவிட்டால் நிறம் மங்கிவிடும், பிறகு அதை வைத்து ஒப்பிட முடியாது.

பிறகு எப்போது கலர் பிழைத்தாலும் இதே இரண்டையும் மறுபடி அடித்து, பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் பழையது போலவே வந்தால் மெஷினில் ஒரு குறையும் இல்லை, பிழை வந்த ஃபைலில். ஓஃப் பிரிண்ட் ஒத்துப்போய் ஓன் பிரிண்ட் மட்டும் மாறியிருந்தால் ரிப்பில் யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள். ஓஃப் பிரிண்டே மாறிவிட்டது என்றால் மெஷின், மை, ரோல் இந்த மூன்றில் ஒன்று. ஒரு மீட்டர் பிளெக்ஸும் போகாத இந்தச் சோதனையைச் செய்யாமல் நேரே 'புது ஐசிசி போடுவோம்' என்று இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

மெஷினில் பிழை என்றால்

நொசில் செக், அதாவது மை வருகிற துளை எல்லாம் திறந்திருக்கிறதா என்று காட்டுகிற கோடுகளை, அடியுங்கள். கோடு விடுபட்டிருந்தால் கிளீனிங், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கோடு விடுபடாமல் வளைந்து நின்றாலும் அது பிழைதான், அந்தத் துளி வேறு இடத்தில் போய் விழுகிறது. பிறகு இருபக்க அலைன்மென்ட் (தலை போகும்போதும் வரும்போதும் விழுகிற துளிகள் ஒன்றாக நிற்கிறதா என்பது), பிறகு ஃபீட் (ரோல் நகர்கிற அளவு). இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். ஃபீட் பிழைத்திருக்கும்போது கோடு கோடாக விழுவதைக் கலர்ப் பிழை என்று நினைத்துப் புரொபைல் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கவனமாகப் பார்க்க வேண்டிய ஒன்று, பெனரின் தொடக்கத்தில் நன்றாக வந்து போகப் போக வெளிறுவது. நொசில் செக் அடித்தால் எல்லாக் கோடும் இருக்கும், ஏனென்றால் அதற்குத் தேவையான மை கொஞ்சம்தான். பெரிய பரப்பு அடிக்கும்போதுதான் மை போதாமல் போகும். ஒவ்வொரு நிறத்திலும் 100 சதவீதத்தில் ஒரு மீட்டர் நீளப் பட்டை அடித்துப் பாருங்கள், எந்தப் பட்டை பாதியில் வெளிறுகிறதோ அந்த நிறத்தின் டம்பரையோ (தலைக்குப் போகிற மையை வடிகட்டுகிற சின்னப் பெட்டி) குழாயில் நிற்கிற காற்றையோ பாருங்கள்.

காலநிலையும் இருக்கிறது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தூசியும் வறட்சியும் சேர்ந்து நொசில் ஓரத்தில் மை காயும், மாரியில் ஈரம். ரோலை நிலத்தில் வைத்தால் சோல்வென்ட் பெனருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆனால் கடுதாசியும் கன்வஸும் ஈரத்தை இழுத்து அலையலையாகி மையை ஒரு இடத்தில் கூடவும் ஒரு இடத்தில் குறையவும் வாங்கும். அடிக்க முதல் நாளே ரோலை மெஷின் அறைக்குள் கொண்டு வந்து வையுங்கள். மை சூடானால் இளகும், இளகினால் துளியின் அளவு மாறும். காலையில் ஏசி போட்ட கையோடு அடித்த பெனரும் பின்னேரம் கரண்ட் போய் வந்து ஏசி இல்லாமல் அடித்த பெனரும் ஒன்றாக வரவேண்டும் என்று புரொபைலிடம் கேட்பது நியாயமில்லை.

ரிப்பில் பிழை என்றால்

இங்கே அதிகம் நடப்பது ஒரே நிறத்தை இரண்டு இடத்தில் மாற்றுவது. போட்டோஷொப்பிலிருந்து நேரே பிரிண்ட் கொடுப்பவர்கள் 'போட்டோஷொப் நிறங்களைப் பார்த்துக்கொள்ளும்' என்று வைத்துவிட்டு, டிரைவரிலும் ரிப்பிலும் கலர் திருத்தத்தை ஓன் ஆகவே விட்டிருப்பார்கள். யாராவது ஒருவர்தான் மாற்ற வேண்டும். ரிப் மாற்றுகிறது என்றால் மற்ற எல்லாம் ஓஃப்.

அடுத்து இன்புட் புரொபைல், அதாவது வருகிற ஃபைலின் எண்கள் என்ன நிறம் என்று ரிப்புக்குச் சொல்வது. ஆர்ஜிபி (ஸ்கிரீனின் சிவப்பு, பச்சை, நீலம்) படங்களுக்கு எஸ்ஆர்ஜிபி, சிஎம்வைகே (நாலு மை) ஃபைல்களுக்கு ஃபோக்ரா 39 அல்லது ஸ்வொப் என்கிற அச்சுத் தரம். எது என்பதைவிட, டிசைன் செய்கிற கணினியிலும் ரிப்பிலும் ஒன்றே இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அடோபி ஆர்ஜிபியில் சேமித்த கல்யாணப் படத்தை ரிப் எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டால் பட்டுச் சேலையின் சிவப்பே செத்துப்போகும். ஐபோன் படங்கள் டிஸ்பிளே பி3 இல் வரும், அவற்றைப் போட்டோஷொப்பில் எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வர்ட் செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கன்வர்ட் செய்தால் எண்கள் மாறும், பார்வைக்கு நிறம் மாறாது. அசைன் செய்தால் எண்கள் அப்படியே இருக்கும், நிறம் மாறிவிடும். மெனுவில் இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் கை தவறுவது சகஜம்.

வெள்ளை இடத்தில் மிக மெல்லிய புள்ளிகள் தூவியிருந்தால், ரென்டரிங் இன்டென்ட் (ஃபைலின் நிறத்தை மெஷினின் நிறத்துக்கு எப்படி மாற்றுவது என்ற தெரிவு) 'அப்சலூட்' என்று நிற்கிறதா பாருங்கள். ஃபோக்ரா தாளின் வெள்ளையை உங்கள் பிளெக்ஸின் மேல் மையால் வரைந்து காட்டப் பார்க்கிறது அது. பெனர் வேலைக்கு அது தேவையே இல்லை. படங்களுக்கு பெர்செப்சுவல், லோகோவுக்கு ரெலட்டிவ், இவ்வளவு போதும்.

ஃபைலில் பிழை என்றால்

கண்ணீர் அஞ்சலிப் பெனரில்தான் இது நன்றாகத் தெரியும். காலமானவரின் பழைய அடையாள அட்டைப் படம் வட்ஸ்அப்பில் வந்திருக்கும், பின்னணியை வெட்டிக் கறுப்பாக்கி, கொரலில் போட்ட கறுப்புப் பெட்டியின் மேல் வைப்போம். ஸ்கிரீனில் எல்லாம் ஒரே கறுப்பு. அடித்துப் பார்த்தால் முகத்தைச் சுற்றி ஒரு சதுரம் துலக்கமாக நிற்கும். காரணம், கொரலில் போட்டது கே 100, அதாவது கறுப்பு மை, மட்டும். படத்தின் கறுப்பு ஆர்ஜிபியில் சுழியம், ஸ்வொப்புக்கு மாறும்போது அது சயன் 75, மஜெண்டா 68, மஞ்சள் 67, கே 90 ஆகிவிடும். பிளெக்ஸில் முதலாவது கருஞ்சாம்பல், இரண்டாவது அடர் கறுப்பு. கொரல் பெட்டிக்கும் அதே நாலு எண்களைக் கொடுங்கள், அல்லது பின்னணி முழுவதையும் படத்தோடு சேர்த்துப் போட்டோஷொப்பிலேயே செய்துவிடுங்கள். சிறிய எழுத்துக்கு மட்டும் கே 100 தான். நாலு மையில் எழுத்தடித்தால் ஓரத்தில் நிறம் கசியும்.

முகத்துக்கு வருவோம். 'தம்பி, எங்கட அப்பாட முகம் இப்படியா இருந்த?' என்று கேட்கிறவருக்கு டெல்டா ஈ (இரண்டு நிறத்துக்கு இடையில் எவ்வளவு வித்தியாசம் என்கிற எண்) கணக்குச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது. போட்டோஷொப்பில் கன்னத்தில் ஐட்ரொப்பரை வைத்துச் சிஎம்வைகே எண்களைப் பாருங்கள். நம்ம முகங்களில் மஞ்சளும் மஜெண்டாவும் கிட்டத்தட்டச் சமமாக, மஞ்சள் ஒரு படி கூட நிற்கும், சயன் அவற்றைவிட நன்றாகக் குறைவு, தோல் கறுக்கக் கறுக்கச் சயனும் கூடும். மஜெண்டா மஞ்சளைத் தாண்டிப் போயிருந்தால் வெயிலில் வெந்த முகமாக வரும். சயன் கூடினால் நோயாளி முகம். எண்கள் சரியாக இருந்தும் பெனரில் பிழைத்தால் ஃபைலை விட்டு எழும்புங்கள், சோதனைப் பிரிண்டின் இரண்டு சாம்பல் கட்டங்களைப் பாருங்கள். மூன்று மை சேர்ந்த சாம்பல், கறுப்பு மைச் சாம்பலைவிடச் சிவப்பாக நின்றால் அதே சிவப்புத்தான் முகத்திலும் ஏறியிருக்கிறது.

நீலம் ஊதாவாவது இன்னொரு தலையிடி. பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் நீல இல்லத்துக்கு ஊதாப் பெனர் கொடுக்காத கடை இருந்தால் எனக்குக் காட்டுங்கள். சயன் 100, மஜெண்டா 100 என்று போட்டால் மையில் அது ஊதாதான், மஜெண்டாவை 70 பக்கம் இறக்குங்கள். ஃபோன் ஸ்கிரீனில் மின்னுகிற பச்சை, ஒளிர்கிற நீலம் இவையெல்லாம் நாலு மையில் வரவே வராது, எந்தப் புரொபைல் போட்டாலும் வராது. பெருநாள் வாழ்த்துப் பெனருக்குப் பச்சை கேட்கிறவரிடம் அடித்த பிறகு கதைக்காமல் அடிக்க முன் கதையுங்கள். உங்கள் மெஷினில், உங்கள் பிளெக்ஸில் அடித்த நிறக் கட்டங்கள் ஒரு தாள் கையில் இருந்தால் 'இதில் ஒன்றைக் காட்டுங்கள்' என்று சொல்லலாம். ஆயிரம் ரூபாய் செலவில்லாமல் பாதிச் சண்டையைக் குறைக்கிற வேலை இது.

பார்க்கிற வெளிச்சத்தையும் சொல்ல வேண்டும். எல்ஈடி ட்யூபின் கீழ் சாம்பலாகத் தெரிவது வெளியே பச்சையடிக்கலாம். அச்சுத் தொழிலில் நிறம் பார்க்க டி50 வெளிச்சம் என்று ஒரு தரம் உண்டு, அந்த விளக்குப் பெட்டி நம்மிடம் இல்லாவிட்டால் பகலில் நேர் வெயில் படாத நிழலில் வைத்துப் பாருங்கள். கடைக்குப் பக்கத்தில் பச்சைச் சுவரோ நீலத் தகரமோ இருந்தால் அந்த நிழல் சரிவராது.

உண்மையிலேயே புதுப் புரொபைல் தேவை என்றால்

மை மாறிவிட்டது, அல்லது ரோலின் வகையே மாறிவிட்டது என்றால் செய்யத்தான் வேண்டும். கீழிருந்து மேலே போங்கள்.

கலர் மனேஜ்மென்டை ஓஃப் ஆக்கி, மை வரம்பு ஒன்றும் இல்லாமல் ஒவ்வொரு நிறத்திலும் படிகளை அடியுங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் 80 உம் 90 உம் 100 உம் ஒரே மாதிரித் தெரியும், அல்லது நிறமே வேறு பக்கம் சாயும்: சயன் நீலத்துக்கு, மஜெண்டா சிவப்புக்கு. அந்த இடத்தில் வரம்பு வையுங்கள், அதற்கு மேல் போடுகிற மை காசுக்குக் கேடு. பிறகு லீனியரைசேஷன். பிறகு மொத்த மை வரம்பு: நாலு நிறமும் சேர்த்து 200 இலிருந்து 400 வரை கட்டங்கள் அடித்துக் காயவிட்டு விரலால் தொட்டு, மடித்துப் பாருங்கள். ஒட்டுகிறதா, ஓரம் கசிகிறதா, மடிப்பில் வெடிக்கிறதா? பிளெக்ஸில் பெரும்பாலும் 250 க்கும் 300 க்கும் இடையில் எங்கோ நிற்கும்.

இதுவரைக்கும் கண்ணால் ஓரளவு ஒப்பேற்றலாம். ஐசிசியை மட்டும் கண்ணால் செய்ய ஏலாது, நிறத்தை அளக்கிற ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் வேண்டும். ஐ1 புரோ மாதிரி ஒன்று வாங்க ஒரு சிறிய கடைக்குக் கட்டாது, நாலைந்து கடை சேர்ந்து வாங்கினால் கட்டும். போட்டிக் கடைக்காரரோடு சேர்வதா என்று யோசிப்பவர்கள் தொடர்ந்து மஜெண்டாவைக் குறைத்துக்கொண்டிருக்கலாம்.

அளப்பதற்கான நிறக் கட்டங்களின் சார்ட் அடித்தால் உடனே அளக்காதீர்கள். சோல்வென்ட் மை காயக் காய நிறம் கொஞ்சம் நகரும், ஒரு இரவாவது விடுங்கள். ஐடி8.7/4 என்கிற சார்ட்டில் 1617 கட்டங்கள் இருக்கின்றன, பெனர் வேலைக்கு அதைவிடச் சிறியதும் போதும். பிளெக்ஸில் வெளிச்சம் ஊடுருவும், அதனால் அளக்கும்போது கீழே எப்போதும் ஒரே வெள்ளைத் தாளை வையுங்கள். கறுப்பு மேசையில் ஒரு நாள், வெள்ளை மேசையில் ஒரு நாள் அளந்தால் இரண்டு புரொபைல் கிடைக்கும், இரண்டும் பிழை.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் புதுப் புரொபைல் மஞ்சளாக அடிக்கிறதா? ரோலின் வெள்ளையில் பிரைட்னர் இருக்கும். புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக விடுகிற இரசாயனம் அது, சட்டைக்குப் போடுகிற நீலத்தின் வேலைதான். கருவி அந்த நீலத்தை உண்மை நிறம் என்று எண்ணி, அதை ஈடு செய்ய மஞ்சளைக் கூட்டிவிடும். கருவியில் எம்0, எம்1, எம்2 என்று அளக்கும் முறைகள் இருந்தால் புற ஊதாவைத் தவிர்க்கிற எம்2 இல் மறுபடி அளந்து பாருங்கள்.

செய்து முடித்ததும் சோதனை ஃபைலை அடித்துக் கட்டங்களை அளந்தால் டெல்டா ஈ கிடைக்கும். 1 பக்கம் இருந்தால் பயிற்சி உள்ள கண்ணுக்கே மட்டுமட்டாகத் தெரியும், 2, 3 வந்தாலும் பத்தடி தூரத்திலிருந்து பார்க்கிற பெனருக்குத் தாராளம். எல்லாவற்றையும் 1 க்குள் கொண்டு வருகிறேன் என்று ரோலைத் தின்னாதீர்கள். சாம்பலும் முகமும் சரியாக இருக்கிறதா, அதைப் பாருங்கள்.

பிறகு பெயர். 'பெனர் 4 பாஸ்' என்று சேமிக்காமல் ரோலின் பெயர், மை, பாஸ், ஹீட்டர், திகதி எல்லாம் வரும்படி எழுதுங்கள். சில மாதம் கழித்து நிறம் கொஞ்சம் நகர்ந்தால் ஐசிசியை மறுபடி செய்யத் தேவையில்லை, லீனியரைசேஷனை மட்டும் திருப்பிச் செய்தாலே பெரும்பாலும் பழைய இடத்துக்கு வந்துவிடும். புதுப் புரொபைல் செய்த சந்தோஷத்தில் பழையதை அழித்துவிடாதீர்கள், கப்பலில் என்ன வருகிறது என்பதைப் பொறுத்து அந்தப் பழைய ரோல் ஒரு நாள் மறுபடி கடைக்கு வரும்.